எழுதிக் கொடுத்த பிறகு: ஒரு தானப் பத்திரமும் நான்கு ஆண்டு வழக்கும்

மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரில் ஒரு தாய், 1968 ஜனவரியில் தன் பேரில் வாங்கிய சொத்தை 51 ஆண்டுகள் கழித்து மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். பத்திரத்தின் தேதி 2019 செப்டம்பர் 7. இரண்டு நாள் கழித்து அது பதிவானது. 2020 டிசம்பர் 24 அன்று அதே தாய், அந்தப் பத்திரத்தை ரத்து செய்து தரும்படி வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் (நம் ஊரில் ஆர்.டி.ஓ.) மனு கொடுத்தார். மீதிச் சொத்தையும் எழுதித் தரச் சொல்லி மகன் தன்னைத் தாக்கினார், இனி எங்களுக்குள் அன்பும் பாசமும் இல்லை என்பது மனுவின் சாரம். அங்கிருந்து கிளம்பிய வழக்கு டெல்லி வரை போய், 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது.

தாயின் பெயரும் மகனின் பெயரும் தீர்ப்பில் இருக்கின்றன. இங்கே அவை வேண்டாம். ஊரை மட்டும் மாற்றிவிட்டால் இது விழுப்புரத்துக் குடும்பமாகவும் இருக்கலாம், திண்டுக்கல்லாகவும் இருக்கலாம். வயதைக் காரணமாக்கி ஒருவரை ஒதுக்குவதை நாம் பெரும்பாலும் வேலை, ஓய்வு வயது என்று அலுவலகத்தை வைத்தே பேசுகிறோம். வீட்டுக்குள் நடக்கும் ஒதுக்கலுக்குத் தேதி, கையெழுத்து, சாட்சி என்று ஆவணம் கிடைப்பது அபூர்வம். இந்த வழக்கில் கிடைத்திருக்கிறது.

இரண்டு காகிதங்கள்

முதல் காகிதம் தானப் பத்திரம். மகன் தன்னைப் பராமரித்து வருகிறார், எல்லாத் தேவைகளையும் கவனித்துக்கொள்கிறார் என்று தாய் அதில் சொல்லியிருந்தார். இரண்டாவது, அதே நாளில் தனியாக எழுதப்பட்டதாகத் தாய் தரப்பு காட்டிய வாக்குறுதிப் பத்திரம். கடைசிக் காலம் வரை பார்த்துக்கொள்வேன், அப்படிப் பார்க்காவிட்டால் தானத்தைத் திரும்பப் பெறத் தாய்க்கு உரிமை உண்டு என்று அதில் இருந்தது. அந்த இரண்டாவது காகிதமே ஜோடிக்கப்பட்டது என்றார் மகன்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், சாதாரணச் சட்டத்தில் தானம் என்பது கொடுத்தால் கொடுத்ததுதான். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, இன்னது நடந்தால் தானம் ரத்தாகும் என்று இருவரும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் போன்ற சில நிலைமைகளில்தான் அதைத் திரும்பப் பெற விடுகிறது. மனம் நொந்துவிட்டது என்பதெல்லாம் அங்கே காரணம் ஆகாது. 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம்தான் வேறொரு வழியைத் திறந்தது. அதன் 23-ஆம் பிரிவு சொல்வது இது: 60 வயது நிறைந்த ஒருவர், இந்தச் சட்டம் வந்த பிறகு, தன் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ மிரட்டலாலோ நிர்ப்பந்தத்தாலோ எழுதப்பட்டதாகவே கருதப்படும். எழுதிக் கொடுத்தவர் விரும்பினால், கோட்ட அதிகாரி தலைமையிலான தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக்கலாம்.

“நிபந்தனையோடு” என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்கு முழுவதும் மாட்டிக்கொண்டது.

கீழே ஜெயித்து, நடுவில் தோற்று

கோட்ட அதிகாரி தாய்க்குச் சாதகமாக உத்தரவிட்டார். மகனின் மேல்முறையீட்டை ஆட்சியர் 2022 ஏப்ரலில் தள்ளுபடி செய்தார். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் ஆகஸ்டில் அதையே உறுதி செய்தார். சரி, முடிந்தது என்று நினைக்கும்போது, அக்டோபர் 31 அன்று அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. பதிவான தானப் பத்திரத்துக்குள் நிபந்தனை எதுவும் இல்லை, அப்படி ஓர் எண்ணம் இருந்திருந்தால் அதிலேயே எழுதியிருப்பார்களே என்றது அமர்வு.

படித்தவுடன் தர்க்கம் சரிதானே என்று தோன்றும். வக்கீல் வைத்து, வரைவைப் பத்து முறை திருத்திக் கையெழுத்திடும் இரண்டு கம்பெனிகளுக்கு இது பொருந்தும். பெற்ற மகனுக்கு எழுதிக் கொடுக்கும் தாயிடம் இந்த அளவுகோலை நீட்டுவது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சி.டி. ரவிக்குமார், சஞ்சய் கரோல் அமர்வு இரண்டு காகிதங்களையும் சேர்த்துப் படித்தது. பராமரிப்பதாகச் சொல்லும் பத்திரமும் அதே நாளின் வாக்குறுதியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, நிபந்தனை நிறைவேறவில்லை என்று முடிவு செய்தது. இது முதியவர்களுக்குப் பயன்பட வேண்டிய சட்டம், அதைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. பத்திரத்தை ரத்து செய்வதோடு நிற்காமல், சொத்தை எழுதிக் கொடுத்தவர் கையில் திரும்ப ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் சொல்லி, 2025 பிப்ரவரி 28-க்குள் ஒப்படைக்கக் கெடு வைத்தது.

இந்த ஒப்படைப்பு விஷயம் சாதாரணமானது இல்லை. பத்திரம் ரத்தாகி, வீட்டில் மகன் உட்கார்ந்தே இருந்தால், ரத்து உத்தரவை வைத்துக்கொண்டு அந்தத் தாய் எங்கே போவார்? இன்னொரு சிவில் வழக்குப் போட்டு, அது முடிய ஆகும் வருடங்களை யார் தருவார்கள்?

மற்றபடி இந்தத் தீர்ப்போடு எல்லாம் தெளிவாகிவிடவில்லை. 2022 டிசம்பரில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், அபய் எஸ். ஓகா அமர்வு, ஹரியானாவிலிருந்து வந்த வழக்கில் ஒரு தாயின் மனுவை ஏற்க மறுத்திருந்தது. மகள்களுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் அது. பாசத்தால் எழுதிக் கொடுப்பதில் பராமரிப்பு நிபந்தனை தானாக ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கொள்ள முடியாது, நிபந்தனை இருந்தது என்று சொல்லவும் வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. இரண்டுமே இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வுகள். எந்த ஆர்.டி.ஓ. எந்தத் தீர்ப்பைக் கையில் எடுப்பார் என்பதில் ஒரு கிழவியின் கூரை தொங்கிக்கொண்டிருக்கிறது.

நாகப்பட்டினத்தில்

சத்தர்பூர் தீர்ப்பு வந்த இரண்டு மாதத்தில், 2025 மார்ச்சில், சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர், ஒரு மகனும் மூன்று மகள்களும் உள்ளவர், மகனுக்குச் சொத்தை செட்டில்மெண்ட், அதாவது விலை வாங்காமல் குடும்பத்தாருக்கு எழுதித் தரும் பத்திரம், எழுதிக் கொடுத்திருந்தார். மகனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. மகன் இறந்துவிட்டார். அப்புறம் மருமகளும் கைவிட்டதாக மூதாட்டி ஆர்.டி.ஓ.விடம் போனார். அவருக்கு அப்போது வயது 87. ஆர்.டி.ஓ. பத்திரத்தை ரத்து செய்ய, மருமகள் நீதிமன்றம் போனார். நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், கே. ராஜசேகர் அமர்வு, நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இருந்தாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அன்பின் பேரில் எழுதுவதே உள்ளுறையாக நிற்கும் நிபந்தனைதான் என்று சொல்லி மருமகளின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

நம் ஊர் செட்டில்மெண்ட் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். “உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்” என்று தொடங்கும். “இன்று முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று போகும். முடிவுக்கு முன்னால், “இந்த செட்டில்மெண்டை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை” என்று ஒரு வரி வரும். இதையெல்லாம் அந்த அம்மா சொல்லி எழுதியதில்லை. பத்திர எழுத்தரின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் வரிகள் இவை. பேர், சர்வே எண், நான்கெல்லை மட்டும் மாறும். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் எண் கூப்பிட்டதும் போட்டோ, கைரேகை, “நீங்களாத்தான் எழுதிக் குடுக்குறீங்களா?”, “ஆமாங்கய்யா”. சில நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பது எழுதி வாங்கும் மகனும் அவர் அழைத்து வந்த இரண்டு சாட்சிகளும். அந்த இடத்தில் நின்றுகொண்டு, “என்னைப் பார்த்துக்கலேன்னா திரும்ப எடுத்துக்குவேன்னு ஒரு வரி போடுங்க” என்று எந்தத் தாயால் கேட்க முடியும்?

பிறகு மனம் மாறி, தானே போய் ரத்துப் பத்திரம் பதிந்துவிடலாம் என்றால் அதற்கும் வழி அடைபட்டிருக்கிறது. ஒருதரப்பாக எழுதும் ரத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் தீர்ப்பளித்தது. திரும்பப் பெறும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. அந்தத் தீர்ப்பு சரியானதுதான். இல்லாவிட்டால் யாருடைய பத்திரத்துக்கும் பாதுகாப்பு இருக்காது. ஆக, ஏமாந்த முதியவருக்கு மிஞ்சுவது சிவில் கோர்ட், இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம்.

“இன்னும் எதுக்கு உங்க பேர்ல?”

எழுதித்தான் கொடுப்பானேன் என்று கேட்கலாம். முதல் காரணம் பணம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், எவ்வளவு பெரிய சொத்தானாலும் 40,000 ரூபாய்க்கு மேல் இல்லை. பதிவுக் கட்டணத்தின் உச்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலைக்கு முன் இவை 25,000, 4,000 என்றுதான் இருந்தன. கிரயம் என்றால் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்ட வேண்டும். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது, ஆனால் உயில் என்றாலே பின்னால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்ற பயம். மகளுக்குப் பங்கு போய்விடக் கூடாது என்ற எண்ணமும் பல வீடுகளில் சேர்ந்துகொள்கிறது. 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் இந்துக் குடும்பங்களில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்தது. அதற்குப் பிறகும், உயிரோடு இருக்கும்போதே மகன் பேருக்கு எழுதி முடித்துவிடுவது ஒரு சுலபமான வழியாக நிற்கிறது. கடைசியில் பல வீடுகளில் சோறு போடுவது பங்கு கிடைக்காத மகள்தான் என்பது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது வயதைப் பற்றிய ஒரு கணக்கு. “இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்”, “இன்னும் எதுக்கு உங்க பேர்ல வச்சிருக்கீங்க, நாங்க பார்த்துக்க மாட்டோமா?” அக்கறையாகத்தான் ஒலிக்கும். பல நேரம் அக்கறையோடுதான் சொல்லப்படுகிறது. ஆனால் 62 வயதில் தன் பேரில் வீடு வைத்திருக்கும் ஒருவரை, இடத்தைக் காலி செய்ய வேண்டியவர் போலப் பார்ப்பதுதான் வயதுப் பாகுபாடு. அவர் இன்னும் 20 வருடம், 25 வருடம் வாழப்போகிறவர் என்பதை அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்வதே இல்லை. முதியவர்களும் இதை நம்பிவிடுகிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால்தான் நல்ல அப்பா, நல்ல அம்மா. எழுதிக் கொடுக்காதவர் பிடிவாதக்காரர், பிள்ளைகளை நம்பாதவர். கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து அதே வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் தயங்க வேண்டியிருக்கிறது.

அடுத்த தலைமுறையின் பக்கம்

பிள்ளைகளை வில்லன்களாக்கி இந்த வழக்கை முடித்துவிட்டால் பாதி உண்மை விட்டுப்போகும். சொந்தமாக எதையும் தொடங்க வேண்டும் என்றால் வங்கி அடமானம் கேட்கிறது, குடும்பத்தில் அடமானம் வைக்கத் தகுந்தது அப்பா பேரில் உள்ள வீடு ஒன்றுதான். வீட்டு வாடகை, ஸ்கூல் பீஸ், இரண்டு பக்கத்துப் பெற்றோரின் மருத்துவச் செலவு எல்லாம் 40 வயதுக்காரர் ஒருவர் தலையில். கூடப் பிறந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031-இல் அது 18.2 சதவீதமாகும் என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது. முன்பு நான்கு பேர் பகிர்ந்த பாரத்தை ஒருவர் சுமக்கும்போது கோபம் வருவது இயற்கை. அந்தக் கோபம் போய் விழும் இடம்தான் தவறு.

சட்டமும் சில நேரம் தப்பான ஆள் மேல் பாய்கிறது. பெங்களூரு வழக்கு ஒன்றில், கணவர் வாங்கிய மனையை அவரே தன் அப்பாவுக்கு விற்று, அப்பா அதை அம்மாவுக்குத் தானமாக எழுதிவிட்டார். பிறகு, விவாகரத்து வழக்கு நடக்கும்போதே, இந்த 2007 சட்டத்தை வைத்து மருமகளை வீட்டை விட்டு வெளியேற்றப் பார்த்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்குத் தரும் குடியிருப்பு உரிமையை இந்தச் சட்டத்தால் அப்படியே அழித்துவிட முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு வந்தது மிகவும் நல்லது. மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் என்று இரண்டு பெண்கள் கோர்ட்டில் நிற்க, எழுதியும் விற்றும் சொத்தை நகர்த்திய ஆண்கள் பின்னால் நின்றுகொள்வது இந்த மாதிரி வழக்குகளில் அடிக்கடி வருகிறது.

இந்தச் சண்டையில் சேர முடியாதவர்களும் இருக்கிறார்கள். 23-ஆம் பிரிவு எழுதிக் கொடுக்கச் சொத்து இருந்தவருக்கு மட்டும்தான் உதவும். கூலி வேலை பார்த்து, ஓட்டு வீட்டு வாடகையிலேயே காலம் கழிந்தவருக்கு மிஞ்சுவது பராமரிப்புத் தொகை கேட்கும் மனு. அதன் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். 2007-இல் வைத்த தொகை அது. அதை எடுத்துவிடவும், மருமகன், மருமகளையும் பொறுப்பில் சேர்க்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதா, அந்த மக்களவையின் காலத்தோடு காலாவதியாகிவிட்டது. நோட்டீஸ் கிடைத்த 90 நாளில் மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆர்.டி.ஓ.வுக்கோ தேர்தல் வேலை, நில எடுப்பு, கோயில் திருவிழாப் பாதுகாப்பு என்று அந்த 90 நாளில் ஆயிரம் வேலை. பிள்ளைகளிடமே பணம் இல்லாத வீட்டில் உத்தரவு வாங்கியும் பலன் இல்லை. அங்கே மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைதான் கைக்கு வரும்.

பத்திரத்தில் வைக்க வேண்டியது

எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டவர்கள் மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தன் ஆயுள் உள்ள வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வந்தால் அதை அனுபவிக்கவும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்வது. உணவு, உடை, மருத்துவம், இருக்க இடம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுவது. தவறினால் ரத்து செய்யும் உரிமை தனக்கு உண்டு என்று சேர்த்து, “எக்காலத்திலும் ரத்து செய்ய உரிமையில்லை” என்ற ஆயத்த வரியை எடுக்கச் சொல்வது. சத்தர்பூர் தாய்க்கு இருந்ததுபோல இரண்டாவது காகிதம் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்தால், அது பொய் என்று சொல்ல ஒரு வாய் கிடைத்துவிடும். பதிவான பத்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம், மாவட்ட சமூகநல அலுவலகத்துக்குப் போகலாம். தீர்ப்பாயத்துக்கு வக்கீல் இல்லாமலே நேராக மனு கொடுக்கலாம்.

ஆனால் இதையெல்லாம் கேட்கும் பொறுப்பை 70 வயதுத் தாயின் தலையிலேயே வைப்பது சரியில்லை. பெற்ற பிள்ளை முன்னால் அவரால் கேட்க முடியாது என்பது தெரிந்த விஷயம். செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியவர் என்றால், சார்பதிவாளர் அவரைத் தனியாக உட்கார வைத்து, பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, பராமரிப்பு நிபந்தனை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டு, பதிலைப் பத்திரத்திலேயே பதிய வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் பதிவாகட்டும். கேள்வி அரசாங்கத்திடமிருந்து வரும்போது, பிள்ளையை நம்பாதவர் என்ற பழி அந்தத் தாய்க்கு வராது. இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, பதிவுத்துறைத் தலைவரின் ஒரு சுற்றறிக்கையில் தொடங்கிவிடலாம்.